குடியை விட்டவர்களுக்குப் பண்டிகைச் சாயங்காலம்: மதுரைப் பானங்கள் எது தேறும், எது தேறாது

தீபாவளி, பொங்கல் அன்று காலையில் பெரிய ஆபத்து இல்லை. குளியல், கோயில், பலகாரம் என்று பொழுது ஓடிவிடும். பொழுது சாய்ந்ததும் வயிறு காலியாகி, கை சும்மா இருக்கும்; மொட்டை மாடியில் மச்சான்மார் கூடியிருப்பார்கள். பசி, கோபம், தனிமை, அசதி நான்கும் குடிக்குத் தள்ளும் என்று மறுவாழ்வு மையங்களில் சொல்வார்கள். அதில் பசிக்காவது டம்ளரில் மருந்து இருக்கிறது.

முதல் மார்க் பருத்திப்பாலுக்கு. சூடு, கெட்டி, சுக்குக் காரம். மடக்கென்று கவிழ்க்க முடியாது, ஊதி ஊதித்தான் குடிக்க வேண்டும். குடித்தவருக்குப் பழகிய வேகத்தை இதுவே குறைத்துவிடும். பண்டிகையன்று தள்ளுவண்டி வராமல் போகலாம் என்பதால் வீட்டில் செய்யத் தெரிந்திருப்பது நல்லது. 200 கிராம் பருத்திக்கொட்டையைக் கழுவி இரவே ஊறவைத்து, அரைத்து, மூன்று தடவை பால் எடுத்துத் துணியில் வடிகட்டவும். வடிகட்டுவதில் சோம்பல் பட்டால் உமி தொண்டையில் அறுக்கும். இரண்டு கரண்டி அரிசிமாவைப் பச்சைத்தண்ணீரில் கரைத்து ஊற்றவும். கொதிக்கும் பாலில் மாவை நேரே கொட்டினால் கட்டிதான். பச்சை வாசனை போகக் கொதித்த பிறகே கருப்பட்டிப் பாகு, சுக்கு, ஏலம், தேங்காய்ப்பூ. விதைப்புக்கு மருந்து தடவிய கொட்டையை மட்டும் வாங்கிவிடாதீர்கள், அது விஷம்.

ஜிகர்தண்டா இரண்டாவதுதான். விளக்குத்தூண் பக்கம் போனால் கூட்டத்தோடு கூட்டமாக நின்று குடிக்கலாம், தனிமைக்கும் அது நல்லது. ஆனால் சுண்டிய பால், நன்னாரி சிரப், ஐஸ்கிரீம் எல்லாம் சேர்ந்து கனமான சமாச்சாரம். குடியால் கணையம் கெட்டவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் ஆகாது. அவர்கள் நீர்மோர் பக்கம் வந்துவிடலாம்.

சோடாக்கள் ஏமாற்றும். பன்னீர் சோடாவில் போதை எதுவும் இல்லை, உண்மைதான். ஆனால் பல வருடம் பிராந்திக்கு மிக்சிங்காக சோடா ஊற்றியவருக்கு, மூடி திறக்கும் சத்தமே பழைய நினைப்பைக் கிளப்பும். அவர் கண்ணாடி டம்ளரையும், காராபூந்தி, ஊறுகாய் தட்டையும்கூடத் தள்ளிவைப்பது நல்லது. ஆல்கஹால் இல்லை என்று '0.0' போட்டு வரும் பீருக்கு மார்க்கே கிடையாது: அதே பாட்டில், அதே நுரை, அதே கசப்பு. விட்டு ஒரு வருடம்கூட ஆகாதவருக்கு இதை வாங்கிக் கொடுக்கும் உறவினர் நல்லெண்ணத்தில்தான் செய்கிறார், பலன் நேர்மாறு.

பலகாரம் அதிகமாகி வயிறு மந்தித்தால் இஞ்சி லேகியம் சாப்பிடலாம், அரிஷ்டம் வேண்டாம். நொதிக்கவைத்துச் செய்வதால் அதில் ஆல்கஹால் தானாகவே உண்டாகியிருக்கும். குடியை விட டாக்டர் தரும் டைசல்ஃபிரம் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்த அளவே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரப் போதும். மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை இந்த எச்சரிக்கை வேண்டும். சில இருமல் சிரப்பிலும் ஆல்கஹால் உண்டு, லேபிளைப் படியுங்கள்.

இன்னொன்று: மாட்டுப்பொங்கலன்று திருவள்ளுவர் தினம் என்பதால் டாஸ்மாக் மூடியிருக்கும், நிம்மதி என்று நினைப்பவர்கள் உண்டு. முந்தின நாளே வாங்கிப் பெரியப்பா வீட்டு ஃபிரிட்ஜில் அடுக்கியிருப்பார்கள். பொங்கலன்று ராத்திரி எந்த வீட்டில் தங்குவது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து, நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவைக்கவும்.

இந்தப் பானங்கள் எல்லாம் குடியை விட்டு உடம்பு தெளிந்தவர்களுக்கு. தினமும் குடித்துவந்தவர் பண்டிகைக்காகத் திடீரென நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். கை நடுக்கம், வியர்வை, இல்லாததைப் பார்ப்பது தொடங்கினால் பருத்திப்பாலைத் தேடாமல் ராஜாஜி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மனசு மட்டும் அலைபாய்ந்தால் 14416, அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண். நாள் முழுக்க எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.