பல வருடங்களாகக் கேட்டுவரும் 'மிஸ்டர் பேட் கை'

பிரிட்டிஷ் ராக் குழுவான குயினின் பாடகர் ஃபிரெடி மெர்குரியின் முதல் தனி ஆல்பம் 'மிஸ்டர் பேட் கை' 1985 ஏப்ரலில் வெளியானது. குயின் ரசிகர்களிடம் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் பலர் 'அது டிஸ்கோ ஆல்பம்' என்று ஒதுக்கிவிடுவார்கள். இதைப் பல வருடங்களாகத் திரும்பத் திரும்பக் கேட்டுவருகிறேன். அந்தக் குரலை முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், குயின் துணையில்லாமல் அவர் பாடிய இந்த 11 பாடல்களையும் கேட்டே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

முதல் தடவை கேட்கும்போது குயினின் கிடார் கலைஞர் பிரையன் மேயின் கிடாரைத்தான் காது தேடும். பதிவு நடந்தது மியூனிக்கின் மியூசிக்லேண்ட் ஸ்டூடியோவில். குயின் 'தி கேம்' ஆல்பத்தில் வேலை செய்த அதே இடம், கூட இருந்த தயாரிப்பாளரும் அதே மேக்தான். ஆனால் 'இது வேண்டாம், அதை மாற்று' என்று மல்லுக்கு நிற்கக் குயின் குழுவின் மற்ற மூன்று பேர் இல்லை. ஃபிரெடிக்குப் பிடித்தது எல்லாம் அப்படியே உள்ளே வந்துவிட்டது. அதனால் நஷ்டமும் உண்டு. 'ஃபூலிங் அரவுண்ட்' பாடலை நான் இன்றும் தாண்டிப் போய்விடுவேன். சிந்தசைசர் ஓசை வயசாகி நிற்கிறது, பாட்டிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. அதே சுதந்திரம்தான் ஆல்பத்தின் பெயர் கொண்ட பாடலையும் கொடுத்தது. ராக் குழுவை ஓரம் கட்டிவிட்டு முழு ஆர்கெஸ்ட்ராவை வைத்துப் பாடுகிறார். அந்த ஆடம்பரம் அவருக்கு அப்படிப் பொருந்துகிறது!

என்னை இந்த ஆல்பத்தோடு கட்டிப்போட்டது வேறு விஷயம். இதன் சில பாடல்களுக்கு இன்னொரு வடிவம் உண்டு. ஃபிரெடி 1991 நவம்பரில் இறந்தார். மற்ற மூவரும் இதிலிருந்த 'மேட் இன் ஹெவன்', 'ஐ வாஸ் பார்ன் டு லவ் யூ' இரண்டிலும் அவருடைய குரலை எடுத்து, தாங்கள் புதிதாக வாசித்து 1995-இல் வந்த குயின் ஆல்பத்தில் வெளியிட்டார்கள். ஒரே குரல், இரண்டு வெவ்வேறு இசை. ஒரு குழு பாடகருக்கு எதைக் கொடுக்கிறது என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. 'மேட் இன் ஹெவன்' பாடலில் குயின் வடிவத்துக்குத்தான் என் ஓட்டு. ரோஜர் டெய்லரின் ட்ரம்ஸ் விழுந்ததும் பாட்டுக்கு மலை மாதிரி ஒரு கனம் வந்துவிடுகிறது. 1985 வடிவம் அதன் பக்கத்தில் மெலிந்து தெரிகிறது. 'ஐ வாஸ் பார்ன் டு லவ் யூ' நேரெதிர். கனத்த கிடார் சேர்ந்ததும் அது மைதானத்துக்கான பாட்டாக மாறிவிடுகிறது. தனி ஆல்பத்தில் இருப்பதோ காதல் தலைக்கேறிய ஒருவரின் துள்ளல். பிரிட்டனில் 11-ஆம் இடம் வரை போன இந்தப் பாட்டை அந்தத் துள்ளலோடு கேட்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

அப்புறம் 'லிவிங் ஆன் மை ஓன்'. இதைப் பெரும்பாலானவர்கள் 1993-இல் வந்த ரீமிக்ஸாகத்தான் கேட்டிருப்பார்கள். அது பிரிட்டனில் முதலிடம் பிடித்தது; 1985-இல் வந்த மூலப் பாடல் கவனிக்கப்படாமலே போனது. ரீமிக்ஸில் முதலிலிருந்து கடைசி வரை ஒரே தாளம் ஓடுகிறது, ஆட நன்றாக இருக்கும். மூலத்தில் குரல் வெறும் அசைகளை உருட்டி விளையாடுகிறது, பியானோ கூடவே ஓடுகிறது. வரிகளைக் கவனித்தால் அது தனிமையில் தவிக்கும் ஒருவரின் பாட்டு. அந்த விளையாட்டுக்கு அடியில் இருக்கும் பயம் எனக்குக் கேட்கவே சில வருடங்கள் ஆயின.

'தேர் மஸ்ட் பி மோர் டு லைஃப் தேன் திஸ்' பாடலை மைக்கேல் ஜாக்சனுடன் சேர்ந்து பாடிய பதிவு 2014-இல் குயின் தொகுப்பு ஒன்றில் வந்தது. அதையும் ஆசையாகக் கேட்டேன். ஆனாலும் இந்த ஆல்பத்தில் ஃபிரெடி தனியாக, அடக்கி வாசிப்பதுபோலப் பாடியதற்குத்தான் மனம் திரும்பிவருகிறது. உச்சஸ்தாயிக்குப் பேர்போன ஒருவர் இவ்வளவு மென்மையாகப் பாடும்போது ஒவ்வொரு மூச்சும் கேட்கிறது.

எந்தப் பதிப்பை வாங்குவது என்று கேட்டால், தயங்காமல் 2019-இல் வந்ததைச் சொல்வேன். மூல ஒலிநாடாக்களிலிருந்து மறுபடி மிக்ஸ் செய்திருக்கிறார்கள். குரல் முன்னுக்கு வந்திருக்கிறது, ட்ரம்ஸுக்குக் கொஞ்சம் உடம்பு கூடியிருக்கிறது. பழைய பதிப்பை ஹெட்போனில் முழுசாகக் கேட்டால் அந்தக் கூர்மையான ஓசை காதைக் களைப்பாக்கிவிடும். ஆல்பத்தை அவர் தன் பூனை ஜெர்ரிக்கும் உலகத்துப் பூனைப் பிரியர்கள் எல்லோருக்கும் காணிக்கையாக்கியிருக்கிறார் என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல்.

புதிதாகக் கேட்பவர்கள் முதல் பாட்டிலிருந்து வரிசையாகப் போக வேண்டாம். 'மிஸ்டர் பேட் கை', 'லிவிங் ஆன் மை ஓன்' மூல வடிவம், கடைசிப் பாடலான 'லவ் மீ லைக் தேர்ஸ் நோ டுமாரோ' மூன்றையும் முதலில் கேளுங்கள். பிடித்தால் மற்றதற்குப் போகலாம்.