“எம்35 கோபால்ட்” என்று பொறித்த ட்ரில் பிட்: எழுத்தை நம்பி வாங்காதீர்கள்

பெட்டியில் 10 மி.மீ. பிட்டுகள் பத்து. ஷாங்கில் (சக் பிடிக்கும் தண்டுப் பகுதியில்) “எச்எஸ்எஸ் கோ 5” என்று லேசர் எழுத்து, அதாவது 5 சதவீதம் கோபால்ட் கலந்த ஹை ஸ்பீடு ஸ்டீல், எம்35, உடம்பெல்லாம் வெண்கல நிறம். 6 மி.மீ. தடிமன் 304 ஸ்டெயின்லெஸ் பிளேட்டில் பாதி ஆழம்கூட இறங்கவில்லை. கிறீச்சென்று சத்தம், டிப் நீலம் பாய்ந்தது, வெட்டு மூலைகள் இரண்டும் மழுங்கின. விற்றவரின் பதில்: “ஸ்பீடு அதிகமா வச்சிருப்பீங்க.”

ஓட்டிய வேகம் 380 ஆர்பிஎம். நிமிடத்துக்கு 12 மீட்டர் வெட்டு வேகம் என்று கணக்குப் போட்டால் 10 மி.மீ. பிட்டுக்கு இதுதான் வரும். ஃபீட், அதாவது பிட் உள்ளே இறங்கும் அளவு, சுற்றுக்கு 0.1 மி.மீ., கட்டிங் ஆயில் நிற்காமல் விழுந்தது. அசல் எம்35 இந்த பிளேட்டை அரை நிமிடத்துக்குள் துளைத்துவிடும்.

கடையில் காட்டிய டெமோ எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், மென்மையான சாதாரண இரும்பு) பிளேட்டில். மோசடியின் மையமே அதுதான். எம்.எஸ்.-ஐ மெதுவாக ஓட்டினால் சாதாரண கார்பன் ஸ்டீல் பிட்டும் துளைக்கும். கார்பன் ஸ்டீல் 200–250 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே கடினம் இழக்கத் தொடங்கும். எச்எஸ்எஸ் 600 டிகிரி அளவிலும் தாங்கும். அந்த வித்தியாசம் வெளிப்பட ஸ்டெயின்லெஸ் வேண்டும்.

ஒரு பிட்டைக் கிரைண்டரில் லேசாகத் தொட்டதும் குட்டு உடைந்தது. வெள்ளையாக, நுனியில் பூப்பூவாக வெடிக்கும் பொறி. அது கார்பன் ஸ்டீல். எச்எஸ்எஸ் என்றால் மங்கிய செம்மஞ்சள் கோடுகள்தான் வரும், பூ விரிவது மிகக் குறைவு. ஃப்ளூட் (முறுக்குப் பள்ளம்) உள்ள பகுதியைத்தான் தொட வேண்டும். அசல் பிட்டிலேயே ஷாங்க் மென்மையாகவோ வேறு ஸ்டீலாகவோ இருக்கலாம். அரத்தால் தேய்த்துப் பார்ப்பதும் அதே இடத்தில்தான். கூரான புது அரம் பிடித்து இழுத்தால் பிட் மென்மை, வழுக்கினால் பரவாயில்லை. காந்தத்தை வைத்துப் பார்ப்பது வீண்வேலை, அசலும் ஒட்டும். வெண்கல நிறமும் சாட்சி இல்லை, அது மேற்பரப்பு ஆக்சைடு.

ஆனால் பொறி எச்எஸ்எஸ் என்று சொன்னாலும் கோபால்ட் இருக்கிறதா என்று சொல்லாது. எம்35-இல் சுமார் 5 சதவீதம், எம்42-இல் 8. அதை உறுதிசெய்ய எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ்-கதிர் பாய்ச்சி உலோகக் கலவையைக் கண்டறிவது) போன்ற கலவைச் சோதனை வேண்டும். மொத்தமாக வாங்குகிறவர்கள் அதைக் கேட்டே வாங்கலாம்.

மைக்ரோமீட்டரும் அந்தப் பொய்யை அம்பலப்படுத்தியது. எச்8 டாலரன்ஸில் (அனுமதிக்கப்பட்ட அளவு வித்தியாசத்தில்) 10 மி.மீ. பிட் 9.978-க்குக் கீழே போகக்கூடாது. டிப் அருகே மார்ஜினின் (ஃப்ளூட் ஓரமாக ஓடும் ஒடுங்கிய விளிம்பின்) மேல் அளந்தால் இவை 9.91, 9.93. வெட்டு உதடுகளின் நீளமும் சமமில்லை. அப்படிப்பட்ட பிட் துளையைப் பெரிதாக்கிவிடும்.

பணம் திரும்பக் கேட்கும்போது பொறியின் வீடியோ, வேகம், ஃபீட், அரைத்த பிட் நான்கும் கையில் இருக்கட்டும். பத்தையும் சோதித்துக் கெடுக்க வேண்டாம், ஒன்று போதும்.

பாதியில் நின்ற துளையில் உடனே புது பிட்டை இறக்காதீர்கள். உராய்ந்த இடம் வர்க் ஹார்டன் ஆகி, அதாவது உராய்ந்தே இறுகிக் கடினமாகியிருக்கும், அசல் கோபால்ட்டும் அங்கே மூலை இழக்கும். பிளேட்டைத் திருப்பி மறுபக்கம் சென்டர் பஞ்ச் அடித்து அங்கிருந்து வாருங்கள், கடைசி மில்லிமீட்டரில் அழுத்தத்தை விடாமல்.