விலைச்சீட்டில் 164, பெட்டிக்குள் 64

மகள் கல்லூரியில் சேர்ந்தபோது 19,500 ரூபாய்க்கு ஒரு லேப்டாப் வாங்கினேன். விலைச்சீட்டில் ‘164 ஜிபி’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. உள்ளே இருந்ததோ 64தான். மீதி 100, ஓராண்டுக்கு மட்டும் இலவசமாகத் தரும் இணையச் சேமிப்பிடம். இரண்டையும் கூட்டி எழுதியிருக்கிறார்கள்!

திரும்பப் போய்க் கேட்டதற்கு, “விண்டோஸ் 11-க்கு 64 போதும் சார், மைக்ரோசாஃப்ட்காரர்களே போட்டிருக்கிறார்கள்” என்றார் கடைக்காரர். போட்டிருப்பது உண்மைதான்: குறைந்தபட்சம் 64 ஜிபி இடம், 4 ஜிபி ரேம். அது விண்டோஸ் குடியேறுவதற்கான அளவு. நமக்கு?

முதல் நாளே சி டிரைவ் மொத்தம் 57 ஜிபி என்றுதான் காட்டியது. அதில் விண்டோஸ் உட்கார்ந்தது போக, இனி வரப்போகும் அப்டேட்டுகளுக்காகச் சுமார் 7 ஜிபியை, பஸ்ஸில் துண்டு போட்டு இடம்பிடிப்பதுபோல், அது முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்கிறது. திறந்திருக்கும் வேலையை டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு அணைந்துபோவதற்குப் பெயர் ஹைபர்நேட்; அதற்கான கோப்பு 4 ஜிபி ரேமில் 40 சதவீதம், அதாவது 1.6 ஜிபி. மகள் ஒருநாளும் ஹைபர்நேட் செய்ததில்லை. கேட்காமலே வந்த விளையாட்டுகள் வேறு. பெரிய அப்டேட் ஒன்று வந்ததும் பழைய விண்டோஸையும் பத்து நாள் பத்திரமாக வைத்திருந்தது. சிவப்புக் கோடு, மிச்சம் 900 எம்பி. இரவு பதினொரு மணிக்கு, செய்முறை அறிக்கையைச் சேமிக்க இடமில்லாமல் மகள் பென் டிரைவ் தேடிக்கொண்டிருந்தாள்.

அதே கடையில் ‘சுத்தம் செய்ய’ 800 ரூபாய் வாங்கினார்கள். குப்பைத்தொட்டியைக் காலிசெய்து, அவளுடைய படங்களைப் பென் டிரைவுக்கு மாற்றியதுதான் வேலை. மூன்றே வாரத்தில் பழைய கதை.

பெரிய டிஸ்க் போடலாமென்று வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அடிமூடியைக் கழற்றி, கட்டைவிரல் நகமளவு சிப் ஒன்றைக் காட்டினார். “இதுதான் உங்கள் டிஸ்க், இஎம்எம்சி சார். போர்டோடு பற்றவைத்தது, மாற்ற முடியாது.” இன்னொரு டிஸ்க் செருகவும் அதில் இடமில்லை. ஹைபர்நேட்டை நிறுத்தி அந்த 1.6 ஜிபியை மட்டும் மீட்டுக்கொடுத்தார், காசு வாங்கவில்லை.

வாங்கப்போகிறவர்கள், உள்ளே இருப்பது பெரும்பாலும் கழற்றி மாற்றக்கூடிய எஸ்எஸ்டி டிஸ்கா, இந்த இஎம்எம்சியா என்று கேளுங்கள். 256-க்குக் கீழே தொடாதீர்கள். பணம் கட்டுமுன் சி டிரைவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

என் பில்லில் 64 என்று சரியாகத்தான் இருக்கிறது, அங்கே கெட்டிக்காரர்கள். சீட்டு மட்டும் இன்னும் 164 என்று தொங்குகிறது. நேற்றுப் போய்ப் படம் எடுத்துவந்தேன். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்க அதுதான் வேண்டும்.