இருபது கோழி அடையுமாம்!

கொங்கு நாட்டுப் புழக்கடைகளில் இப்போது பரவலாகக் காணப்படும் நாலடிக்கு மூன்றடி இரும்புக் கூண்டின் விலை குறைந்திருக்கிறது. “வாங்கிவிடட்டுமா மாமா?” என்று தாராபுரத்து மைத்துனர் கேட்டிருக்கிறார். அதே கூண்டில் பல கோடைகளாகச் சிறுவிடை என்னும் நாட்டுக் கோழி அடைத்துவருகிறேன் என்பதால் அவருக்கான பதிலை எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

கூண்டு உறுதியானது. அரை அங்குல வலைக்குள் கீரி மூக்கைக்கூட நுழைக்க முடியாது. அடித்தட்டை இழுத்து எச்சத்தை நேராகத் தென்னைக்குக் கொட்டிவிடலாம். கீல் இன்றுவரை முனகியதில்லை. இவ்வளவு நன்றாகச் செய்தவர்கள் காற்றை எப்படி மறந்தார்கள் என்பதுதான் என் கோபம்.

கீழே ஒன்றரை அடிக்கு வலை. அதற்கு மேல் கூரைவரை நான்கு பக்கமும் தகடு. கோழி உட்காருவதோ மேலே, குறுக்குக் கம்பியில். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அதன் உடல் வெப்பமே 41 டிகிரியை ஒட்டியது. ஈரோட்டுப் பக்கம் சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில், பொழுது சாய்ந்த பிறகும் அந்தத் தகட்டுப் பெட்டிக்குள் வெப்பம் இறங்குவதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று சுழற்றி அடிக்கும்போதும் அது கோழியின் காலுக்குக் கீழேயே ஓடிவிடுகிறது. எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியாவும் மூச்சின் ஈரமும் தலைக்கு மேல் தங்கிவிடும். விடியற்காலையில் கதவைத் திறந்தால் நமக்கே கண் எரியும். இரவெல்லாம் அதற்குள் இருக்கும் உயிருக்குச் சளி பிடிக்காமல் என்ன செய்யும்?

பல்லடம் பக்கத்துப் பண்ணைக் கொட்டகைகளைப் பாருங்கள். தாழ்ந்த சுவர், அதற்கு மேல் கூரைவரை வலை. நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கும். பக்கவாட்டில் வெயில் அதிகம் விழாது. இத்தனை பண்ணைகள் உள்ள ஊர்ப்பக்கம் விற்கும் கூண்டுக்கு இது தெரியாதா?

கடைசியில் வெல்டிங் பட்டறையில் கொடுத்து, வடக்கிலும் தெற்கிலும் கூரையை ஒட்டி அரையடித் தகட்டை வெட்டி வலை வைத்தேன். சாரல் அடிக்காமல் கூரையை ஒரு சாண் நீட்டி, மேலே தென்னங்கீற்று போட்டாயிற்று. காற்று தலைக்கு மேலே கடந்து போகும்படி கம்பியையும் இறக்கினோம். தட்டில் தென்னை நார்க்கழிவு பரப்புகிறேன், ஈரமானதும் மாற்றிவிடுவேன். நெடி போய்விட்டது. கோழிகள் இப்போது இரைக்காமல் உறங்குகின்றன.

இடம் பற்றி ஒரு வார்த்தை. இருபது கோழி அடையும் என்று சொல்லி விற்கிறார்கள். மொத்தமே 12 சதுர அடி! ஆழ்கூளத்தில், அதாவது தரையில் கனமாகக் கூளம் பரப்பி அதன் மேல், அடைத்தே வளர்ப்பவர்கள் ஒரு கோழிக்கு 2 சதுர அடி விடுவார்கள். அந்தக் கணக்கில் ஆறுதான். பகலில் மேயவிட்டு இரவில் மட்டும் அடைத்தால், கோழிக்கு எட்டு அங்குலம் வீதம் இரண்டு கம்பியில் பன்னிரண்டு உட்காரும். அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். நெருக்கினால் ஒன்றையொன்று கொத்தும், கொத்து வாங்குவது இளைக்கும்.

இன்று என் கூண்டை யார் கேட்டாலும் கொடுக்கமாட்டேன். இருந்தாலும் மாப்பிள்ளை, நீங்கள் வாங்க வேண்டாம். தள்ளுபடியே கொடுத்தாலும் வேண்டாம். அந்தப் பணத்தை உங்கள் ஊர்ப் பட்டறைக்காரரிடம் கொடுத்து, கூரைக்குக் கீழே வலை வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.