கனாஸ்டா: ரம்மி தெரிந்தவர்களுக்கு ஓர் அணியாட்டம்

பதின்மூன்று சீட்டு ரம்மியில் தேறிய ஒருவர் கனாஸ்டா பழக உட்கார்ந்தால், அவருக்கு முதலில் இடைஞ்சலாக நிற்பது அந்தத் தேர்ச்சிதான். கையில் உள்ளதை விரைவாகச் சேர்த்து முடிக்க வேண்டும், ராஜா ராணிகளை நெடுநேரம் வைத்திருந்து மாட்டிக்கொள்ளக் கூடாது, எதிராளிக்கு உதவாத சீட்டாகப் பார்த்துக் கீழே போட வேண்டும் என்று நாம் பழகி வைத்திருப்பவற்றுள் கடைசி ஒன்றுதான் இங்கே கைகொடுக்கிறது. சில ஆண்டுகளாக எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரவுகளில் காசு வைக்காமல் ஆடிவருகிற ஆட்டம் இது. ரம்மி தெரிந்த வாசகரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

உருகுவே நாட்டின் தலைநகரான மாண்டெவீடியோவில் 1939-ஆம் ஆண்டு செகுண்டோ சந்தோஸ் என்ற வழக்கறிஞரும் அல்பெர்டோ செராட்டோ என்ற கட்டடக் கலைஞரும் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். அர்ஜென்டினாவில் பரவி, 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் பெரும் மோகமாகவே மாறியது. இரண்டு கட்டுகளும் நான்கு ஜோக்கர்களும் சேர்ந்து 108 சீட்டுகள். நால்வர் ஆட வேண்டும். எதிரெதிரே அமர்பவர்கள் ஓர் அணி. ஆளுக்கு 11 சீட்டு. சீக்வன்ஸ் என்பதே கிடையாது. ஒரே எண்ணுள்ள சீட்டுகளை மூன்றோ அதற்கு மேலோ சேர்த்து மேசையில் இறக்க வேண்டும். அவை அந்த அணியின் பொதுச் சொத்து. அப்படி ஏழு சேர்ந்தால் அது ஒரு கனாஸ்டா. ஜோக்கர்களோடு எல்லா இரண்டுகளும் ஜோக்கர் வேலை செய்யும்; ஆனால் ஒரு செட்டில் அத்தகையவை மூன்றுக்கு மேல் கூடாது. ஜோக்கர் கலவாத கனாஸ்டாவுக்கு 500 புள்ளி, கலந்ததற்கு 300. முதலில் 5000-ஐத் தொடும் அணி வெல்கிறது.

விதிகளை அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம். ஆட்டத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று புரிவதற்குத்தான் நாளாகிறது. அது நடுவில் கிடக்கும் திறந்த குவியலில் இருக்கிறது. நம் ரம்மியில் மேலே கிடக்கும் ஒரு சீட்டை மட்டும் எடுக்கிறோம். இங்கே மேல்சீட்டுக்குப் பொருத்தம் காட்ட முடிந்தவர் குவியல் முழுவதையும் அள்ளிக்கொள்கிறார். அது சில வேளைகளில் இருபது சீட்டுக்கு மேல் இருக்கும். ஆகவே கையில் ஜோடிகள் நிறைய இருப்பதுதான் பலம். கிடைத்த செட்டையெல்லாம் உடனுக்குடன் இறக்கிவிட்டு மூன்று நான்கு சீட்டோடு உட்கார்ந்திருப்பவரைக் கண்டு எதிரணி அஞ்சுவதில்லை. அவரிடம் ஜோடி இருக்க வாய்ப்பில்லை என்று தெரிந்து துணிந்து சீட்டுப் போடுகிறது. கை மெலிந்தால் மகிழ்வது ரம்மிக்காரரின் இயல்பு என்பதால், இந்த ஒன்றை மறக்கப் பழகுவதற்கே எங்கள் மேசையில் எல்லாருக்கும் பல மாதங்கள் பிடித்தன.

யாராவது ஒரு ஜோக்கரையோ ‘இரண்டு’ எண் சீட்டையோ குவியலின் மேல் போட்டுவிட்டால் குவியல் பூட்டப்பட்டதாகப் பொருள். எங்கள் வீட்டில் இதை ‘லாக்’ என்கிறோம். அதன்பின் மேல்சீட்டின் எண்ணிலேயே ஓர் உண்மையான ஜோடி கையில் இருந்தால்தான் குவியலை எடுக்க முடியும். இன்னும் எதையும் இறக்காத அணிக்கோ குவியல் எப்போதும் பூட்டியேதான் இருக்கும். கறுப்பு மூன்றைப் போட்டால் அடுத்தவர் மட்டும், அந்த ஒரு முறைக்கு மட்டும், குவியலைத் தொட முடியாது. இவற்றோடு, அணி முதன்முறை இறக்கும்போது குறிப்பிட்ட புள்ளி இருந்தாக வேண்டும்: மொத்தக் கணக்கு 1500-க்குள் இருந்தால் 50, 3000-க்குள் இருந்தால் 90, அதற்கு மேல் போனால் 120. முன்னேறியவருக்கு வாசலை உயர்த்தி வைக்கும் இந்த ஏற்பாடு, பின்தங்கிய அணியைக் கடைசிவரை ஆட்டத்தில் வைத்திருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். எங்கள் கணக்கு 1700. இறக்க 90 வேண்டும். குவியல் பூட்டிக் கிடக்கிறது. என் கையில் இரண்டு ராஜா, இரண்டு ராணி, ஒரு ஜோக்கர், மேலும் சில உதிரிகள். ராஜாவும் ராணியும் தலா 10 புள்ளி, ஜோக்கர் 50. ராணி இரண்டோடு ஜோக்கரைச் சேர்த்தால் 70தான். தானாக இறக்க வழியில்லை. எனக்கு முன் ஆடுபவர் வேறு போக்கின்றி ஒரு ராஜாவைப் போடுகிறார். அந்த ராஜாவும் என் இரண்டு ராஜாக்களும் சேர்ந்து 30; ராணிகளும் ஜோக்கரும் 70; ஆக மொத்தம் 100. வாசல் திறந்தது, குவியல் முழுவதும் எங்களுடையது. இப்படி ஒரு முறை அள்ளியவர் இந்த ஆட்டத்தை எளிதில் விடமாட்டார்.

அணியாட்டம் என்பதுதான் சமூக இரவுகளுக்கு இதை ஏற்றதாக்குகிறது. ரம்மியில் டிராப் ஆனவர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். இங்கே எவரும் இடையில் விலகுவதில்லை. கூட்டாளியிடம் கையைப் பற்றிப் பேசக் கூடாது. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அனுமதி உண்டு: ஆட்டத்தை முடிக்கும் நிலையில் இருப்பவர், முடிக்கலாமா என்று கேட்கலாம்; வரும் பதிலுக்கு அவர் கட்டுப்பட்டே ஆக வேண்டும். எனக்குக் கூட்டாளியாக அமரும் என் மாமியார் ஓர் இரவு, “மாப்பிள்ளை, முடிச்சிடட்டுமா?” என்றார். என் கையில் மூன்று ஏஸ், ஒரு ஜோக்கர், இரண்டு ‘இரண்டு’கள் இருந்தன, அவர் முடித்தால் அந்த 150 புள்ளி எங்கள் கணக்கிலேயே கழியும். “வேண்டாம் அத்தை, ஒரு சுற்று பொறுங்க” என்றேன். வெறும் ‘வேண்டாம்’ என்பதோடு நிறுத்தியிருக்க வேண்டும் என்று எதிரணியிலிருந்த என் மனைவி சண்டைக்கு வந்தது தனிக்கதை. அவர்கள் முறை கடந்து என் முறை வந்ததும் ஆறையும் ஒரே செட்டாக இறக்கினேன். கழியவிருந்த 150 கூடியதால் 300 புள்ளி வித்தியாசம். அடுத்து அத்தை முடித்தார்.

குறைகளும் உண்டு. முதல் குவியலை எடுத்த அணியிடம் சீட்டுகள் பெருகி, அந்தப் பலத்தாலேயே அடுத்த குவியலும் அதற்கே போவது அடிக்கடி நடக்கிறது. அத்தகைய ஆட்டங்களில் மற்ற இருவரும் பாதுகாப்பான சீட்டைத் தேடித்தேடிப் போடுவதைத் தவிரச் செய்வதற்கு அதிகம் இல்லை. சிவப்பு மூன்று முழுக்க அதிர்ஷ்டம்: வந்தால் மேசையில் வைத்து 100 புள்ளி எழுதிக்கொள்ளலாம், நான்கும் வந்தால் 800. திறமையை மட்டுமே நம்பும் பிரிட்ஜ் ஆட்டக்காரர்கள் இதைக் கண்டு முகம் சுளிப்பது நியாயமே. புள்ளி எண்ணுவது இன்னொரு சலிப்பு. ஏஸும் இரண்டும் 20, எட்டு முதல் ராஜா வரை 10, நான்கு முதல் ஏழு வரை 5 என்று ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பின்னும் கூட்டியாக வேண்டும். சீட்டுகளை நூறு நூறாக அடுக்கிவைத்து எண்ணினால் விரைவில் முடிகிறது. 5000 வரை ஆட இரண்டு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் தொடங்கினால் நள்ளிரவு ஆகிவிடும்.

இதற்கென்று தனிச் சீட்டு வாங்கத் தேவையில்லை. பின்பக்கம் ஒரே மாதிரியான இரண்டு கட்டுகள் போதும். காகிதச் சீட்டை விடப் பிளாஸ்டிக் சீட்டு நல்லது, ஏனெனில் 108-ஐக் கலைப்பதில் காகிதம் விரைவில் முனை மழுங்குகிறது. இருபது சீட்டைக் கையில் விரித்துப் பிடிக்க வயதானவர்கள் சிரமப்படுவார்கள். அவர்களுக்குச் சீட்டு செருகி வைக்கும் மரத்தாங்கி ஒன்று வாங்கிக் கொடுங்கள். புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது குவியலைப் பூட்டும் விதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பவர்கள் உண்டு. அது இல்லாத கனாஸ்டா வெறும் செட் சேர்ப்பாகிவிடும் என்பதால் முதல் நாளிலேயே சொல்லிவிடுவது மேல். 5000-க்குப் பதில் ஓரிரு ஆட்டங்களோடு அன்றைக்கு நிறுத்திக்கொள்ளலாம்.

நால்வர் சேராத நாளில் இருவர் ஆடும் வகை இருக்கிறது: ஆளுக்கு 15 சீட்டு, ஒவ்வொரு முறையும் இரண்டு எடுத்து ஒன்று போட வேண்டும், முடிக்க இரண்டு கனாஸ்டா தேவை. நன்றாகவே இருக்கிறது, ஆனால் கூட்டாளி இல்லாததால் பாதிச் சுவை போய்விடுகிறது. ஐந்து பேர் வந்துவிட்டால் நாங்கள் பழைய பதின்மூன்று சீட்டுக்கே திரும்பிவிடுகிறோம்.