குறைந்த செலவில் எல்க் வேட்டை: வெளிமாநிலத்தவருக்கு ஏற்றது கொலராடோவா, மொன்டானாவா, வயோமிங்கா?

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், வழிகாட்டியை அமர்த்தாமல் பொது நிலத்தில் தாமே கூடாரமடித்து எல்க் மான் வேட்டையாட விரும்பும் வெளிமாநிலத்தவர் பலர், டேக் எனப்படும் உரிமச் சீட்டின் விலையை மட்டும் பார்த்து மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர். சீட்டு அந்த ஆண்டே கிடைக்குமா, கிடைத்தால் எத்தனை நாள் காட்டில் இருக்கலாம், எந்த நிலத்திற்குள் நுழையலாம் என்ற மூன்றையும் விலையோடு சேர்த்துப் பார்த்தால் கணக்கு வேறுவிதமாக வரும்.

எல்க் மான்கள் மிக அதிகமாக உள்ள மாநிலம் கொலராடோ. நெடுங்காலமாக இங்கே வில் வேட்டைக்கான டேக்கை வெளிமாநிலத்தவர் குலுக்கல் இல்லாமல் கடையிலேயே வாங்க முடிந்தது. 2025 முதல் அந்த வசதி மாநிலத்தின் மேற்குப் பகுதியில் நிறுத்தப்பட்டு, அதுவும் குலுக்கலுக்குள் வந்துவிட்டது. ஆனால் ரைஃபிள் வேட்டை பல குறும்பருவங்களாகப் பிரித்து நடத்தப்படுகிறது; அவற்றில் இரண்டாவது, மூன்றாவது பருவங்களுக்கான ஆண் எல்க் டேக் பல பகுதிகளில் இன்னும் நேரடியாகக் கிடைக்கிறது. விலை ஏறக்குறைய 800 டாலர். திட்டமிட்ட ஆண்டில் கட்டாயம் போயே தீர வேண்டும் என்பவருக்கு இதைவிட உறுதியான வழி இல்லை. அந்த உறுதிக்கு ஈடாகப் பருவம் ஒன்பது நாளில் முடிந்துவிடும். யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்பதால் சாலையோரக் கூடாரத் தளங்கள் நிரம்பி வழியும். துப்பாக்கிச் சத்தத்திற்குப் பழகிய மான்கள் தனியார் பண்ணைகளுக்குள் ஒதுங்கிவிடும். பல பகுதிகளில் ஒரு பக்கக் கொம்பில் நான்கு கிளைகளோ ஐந்து அங்குல நெற்றிக் கிளையோ இருந்தால்தான் சுடலாம் என்ற விதியும் உண்டு. மங்கலான விடியலில் 300 கெஜத்துக்கு அப்பால் நிற்கும் மானின் நெற்றிக் கிளையை அளந்து முடிவெடுப்பது, முதல்முறை செல்பவருக்கு எளிய காரியமன்று.

மொன்டானாவில் இதற்கு நேர்மாறான நிலை. வெளிமாநிலத்தவருக்கான எல்க் கூட்டு உரிமத்தின் (எல்க்கோடு வேறு சில அனுமதிகளும் சேர்ந்த உரிமம்) விலை 1,000 டாலரைத் தாண்டும். விண்ணப்பத்தின் கடைசி நாள் ஏப்ரல் 1. குலுக்கலில் பெயர் வராமலும் போகலாம். ஆனால் பெயர் வந்துவிட்டால், செப்டம்பர் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ ஆறு வாரம் வில்லாலும், அக்டோபர் பிற்பகுதியிலிருந்து, நவம்பர் இறுதியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்த ஞாயிறு வரை ஐந்து வாரம் ரைஃபிளாலும் அதே உரிமத்தில் வேட்டையாடலாம். வில்லுக்குக் கூடுதலாக ஒரு சிறு அனுமதி மட்டும் தேவை. மாநில அரசின் பிளாக் மேனேஜ்மெண்ட் திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் நிலங்களில் கட்டணமின்றி நுழையவும் வழியுண்டு. இரண்டு வாரம் விடுப்பு எடுக்க முடிந்தவருக்கு, அல்லது ஒரே பருவத்தில் இருமுறை போக முடிந்தவருக்கு, ஒரு நாளுக்கு ஆகும் டேக் செலவு கொலராடோவைவிட இங்கேதான் குறைவு. ஐந்து நாள் மட்டுமே கையில் இருப்பவருக்கு இந்த வாதம் பொருந்தாது.

தொலைவையும் மறக்கலாகாது. சிகாகோவிலிருந்து கொலராடோவின் டென்வருக்குச் சுமார் 1,000 மைல். மொன்டானாவின் மிசௌலாவுக்குச் சுமார் 1,600 மைல். போய்வருவதில் 1,200 மைல் கூடுகிறது. காலனுக்குப் பதினைந்து மைல் ஓடும் பிக்கப் வண்டிக்கு அது 80 காலன் பெட்ரோல். இருவர் பகிர்ந்துகொண்டால் தாங்கக்கூடிய செலவுதான். தனியாகச் செல்பவருக்கு டேக் விலையில் கால் பங்கு அளவுக்கு வந்து நிற்கும். மேலும் மொன்டானாவின் மேற்குப் பகுதியிலும் வயோமிங்கின் வடமேற்கிலும் கிரிஸ்லி கரடிகள் உண்டு என்பதால், சுட்ட மானின் இறைச்சியை இரவு முழுவதும் காட்டிலேயே விட்டுவருவது ஆபத்தாக முடியலாம். கொலராடோவில் அந்தக் கவலை இல்லை.

வயோமிங்கில் 692 டாலர், 1,950 டாலர் என இரண்டு விலைகள் உள்ளன. இரண்டுக்கும் விண்ணப்பக் கட்டணம் தனி. கூடுதல் விலை கொடுப்பவர்கள் தனிக் குலுக்கலில் போட்டியிடுகின்றனர். மலிவான பிரிவில் நல்ல டேக் கிடைக்க, ஆண்டுதோறும் 52 டாலர் கட்டிச் சில ஆண்டுகள் முன்னுரிமைப் புள்ளிகள் சேர்க்க வேண்டியிருக்கும். அந்தத் தொகையையும் கூட்டினால் மலிவு என்ற பெயர் நிலைக்காது. அதோடு, அறிவிக்கப்பட்ட வனாந்தரப் பகுதிகளில், உரிமம் பெற்ற வழிகாட்டியோ உள்ளூர்வாசி ஒருவரோ உடன் வராமல் வெளிமாநிலத்தவர் எல்க் வேட்டையாடக் கூடாது. நடைபயணம் போகலாம், மீன் பிடிக்கலாம், எல்க் வேட்டைக்கு மட்டும் தனியே போகக் கூடாது என்னும் இந்த விதி யாருடைய வருமானத்தைக் காக்கிறது என்பதை வாசகரே ஊகிக்கலாம். ஆறுதலாக ஒன்று உண்டு: சதுரங்கக் கட்டங்களைப் போல் தனியார் நிலத்தோடு மாறி மாறி அமைந்த பொது நிலத் துண்டுகளில், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மூலையைத் தாண்டிச் செல்வது அத்துமீறலாகாது என்று 2025-இல் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு வயோமிங்குக்கும் கொலராடோவுக்கும் பொருந்தும். மொன்டானா வேறு நீதிமன்ற வட்டத்தில் இருப்பதால் அங்கே பொருந்தாது.

பக்கத்து மாநிலமான ஐடாஹோவும் 2026 பருவத்திலிருந்து வெளிமாநிலத்தவரைக் குலுக்கலுக்கு மாற்றிவிட்டதால், கடைசி நேரப் புகலிடமாக இனி அதை நம்ப முடியாது.

எந்த மாநிலமானாலும் உண்மையான செலவு மான் விழுந்த பிறகுதான் தொடங்குகிறது. முதிர்ந்த ஆண் எல்க் சுமார் 300 கிலோ இருக்கும். குடலை எடுக்காமலேயே தோலை உரித்து, நான்கு கால் பகுதிகளையும் முதுகுச் சதையையும் தனித்தனியே துணிப்பைகளில் கட்டி, ஆணா பெண்ணா என்று காட்டும் பாலின அடையாளத்தை ஒரு துண்டோடு ஒட்டியபடியே விட்டு, நிழலில் காற்றுப்படத் தொங்கவிட வேண்டும். இருவருக்கு மூன்று நான்கு நடை ஆகும். சாலையிலிருந்து மூன்று மைல் தள்ளிச் சுட்டால், ஒவ்வொரு நடையும் போய்வர ஆறு மைல். குதிரைக்காரரை வாடகைக்கு அழைத்தால் சிக்கனத் திட்டம் அங்கேயே முடிந்தது. தேசியக் காடுகளில் பொதுவாக இரண்டு வாரம் வரை இலவசமாகக் கூடாரமடிக்கலாம் என்பதால், தங்குமிடத்தில் மிச்சமாகும் பணத்தைப் பெரிய ஐஸ் பெட்டிகளுக்குச் செலவிடுவதே சரி. மான்களிடையே நோய் பரவுவதைத் தடுக்க மூளையும் முதுகெலும்பும் மாநில எல்லை தாண்டக் கூடாது என்று பல மாநிலங்கள் விதித்துள்ளதால், எலும்பு நீக்கியே கொண்டுவர வேண்டும்.

இறைச்சியே நோக்கமென்றால் கொம்பை மறந்துவிட்டுப் பெண் எல்க் டேக்கைத் தேடுவதே என் பரிந்துரை. வயோமிங்கில் அது 288 டாலர்தான். மற்றவர்களுக்கு விண்ணப்ப நாள்களின் வரிசையே உதவும். பிப்ரவரித் தொடக்கத்திற்குள் வயோமிங்குக்கு விண்ணப்பிக்கலாம். அதன் முடிவு மே மாதம் வரும் வரை கட்டிய பணம் முடங்கிக் கிடக்கும் என்பதால், கையிருப்பு குறைந்தவர் அதைத் தவிர்த்து, ஏப்ரல் 1-க்குள் மொன்டானாவுக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம். அங்கும் பெயர் வராவிட்டால், ஆகஸ்டில் கொலராடோவின் நேரடி ரைஃபிள் டேக் விற்பனைக்கு வரும். நெரிசலைக் குறைக்க விரும்புபவர் இரண்டாவது பருவத்தை விட்டு மூன்றாவதை எடுப்பது நல்லது. குளிர் கூடும்; ஆனால் பனி விழுந்தால் மான்கள் கீழிறங்கும், தடமும் தெரியும்.