அப்பச்சி காலுக்குப் போட்ட மெல்லிய சதை: மதுரை ஆஸ்பத்திரி எப்படி?

தேவகோட்டை ரோட்டில் பைக் சறுக்கி, அப்பச்சிக்குப் புறங்கால் தோல் உரிந்து தசைநாண் வெள்ளையாகத் தெரிந்தது. காரைக்குடியில் தோல் ஒட்டினால் போதும் என்றார்கள். மதுரையில் நாங்கள் போன ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் சர்ஜன்தான், உறை போன தசைநாண் மேல் வெறும் தோல் பிடிக்காது, ரத்தக்குழாயோடு எடுத்த திசுதான் வேண்டும் என்று தாளில் படம் போட்டுக் காட்டினார்.

தொடையின் முன்பக்க வெளிப்புறத்திலிருந்து தோலும் கொழுப்புமாக எடுத்து, அடிக்கொழுப்பைச் சீவி மெல்லிசாக்கி, மைக்ரோஸ்கோப் வைத்துக் காலின் ரத்தக்குழாயோடு தைத்தார்கள். தொடையின் இந்த இடத்திலிருந்து திசு எடுப்பது சீன டாக்டர்கள் 1984-இல் எழுதிய முறை. தடியாக வைத்தால் செருப்பு நுழையாது, கொழுப்பைக் குறைக்க இன்னொரு ஆபரேஷன் வரும். ரொம்பச் சீவினாலோ ரத்தக்குழாய் அடிபட்டுத் திசு கருகிவிடும். அந்த அளவு தெரிந்த கை அவருக்கு.

முதல் இரண்டு நாள் மணிக்கொரு தடவை, ராத்திரி இரண்டு மணிக்கும், நர்ஸ் வந்து விரலால் அழுத்தி, வெளுத்த இடம் எவ்வளவு நேரத்தில் நிறம் திரும்புகிறது என்று பார்த்தார். ஆத்தா அதுவரை மூச்சே விடவில்லை, பிள்ளையார்பட்டிக்கு வேண்டுதல் வேறு.

பில்தான் கடுப்பு. சொன்னது ஒன்று, கட்டியது வேறு, கேட்டால் கவுண்டர் கவுண்டராக அலையவிட்டார்கள்.

ஐந்து மாதம் ஆச்சு. பழைய செருப்பே நுழைகிறது, வளவில் தடியில்லாமல் நடக்கிறார். அந்த இடத்தில் மட்டும் சூடு தெரியவில்லை, அதனால் வெந்நீரை ஆத்தா கை விட்டுப் பார்த்துத்தான் ஊற்றுகிறார்.